நண்டைப் பார்த்த பிறகு

மேடம்,

இன்று வியாழக்கிழமை. கண் மருத்துவரைப் பார்க்கக் காக்ஸ் டவுனுக்குப் போயிருந்தேன். குறித்த நேரத்துக்கு மிகவும் முன்பாகவே போய்ச் சேர்ந்துவிடும் என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மருத்துவமனையின் கதவு திறக்கும்வரை தெருவில் நடந்துகொண்டிருந்தேன். ஜீவனஹள்ளிக்குத் திரும்பும் முனையில் உள்ள பேக்கரியில், காரா பன் அடுக்கிய தட்டை அப்போதுதான் அடுப்பிலிருந்து வெளியே இழுத்தார்கள். வெங்காயமும் பச்சை மிளகாயும் சப்சிகெ கீரையும் மாவுக்குள் வெந்து எழுப்பும் அந்த வாசனை என்னை நடைபாதையிலேயே நிறுத்திவிட்டது. அது உங்கள் கைப்பையின் வாசனை. செயற்கைக்கோளிலிருந்து தரவு இறங்கும் காலைகளில், நீங்கள் அறைக்குள் வருவதற்கு முன்பே வந்துவிடும் வாசனை.

நின்றுகொண்டிருந்தபோதே சட்டைப்பையில் கைபேசி ஒலித்தது. நம் பழைய சகாக்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி வந்திருந்தது: “மாப்பிள்ளை வந்தாச்சு.”

அந்தப் பெயர் நீங்கள் வைத்தது. உங்களைப் பார்த்தே இராத இளையவர்கள்கூட இன்று அதே பெயரில்தான் அந்த நட்சத்திரத்தைக் குறிப்பிடுகிறார்கள். நட்சத்திரப் பட்டியலில் அதற்கு எண்களால் ஆன ஒரு நீண்ட பெயர் இருப்பதை நான் மட்டும்தான் இன்னும் முழுமையாக எழுதுகிறேன் என்று நினைக்கிறேன்.

நாம் முதன்முதலில் சந்தித்தது ஒரு திங்கட்கிழமை. செவ்வாய் என்று நீங்கள் கடைசிவரை வாதாடினீர்கள். நீங்கள் வேலைக்குச் சேர்ந்த கடிதத்தில் செவ்வாய் என்றிருந்தது உண்மைதான், ஆனால் முந்தைய நாளே வந்து கதவருகில் நின்று, “இங்க எக்ஸ் கதிர் பொட்டி எங்க சார் இருக்கு?” என்று என்னைத்தான் கேட்டீர்கள். அது சந்திப்பு ஆகாதா? நான் இதைச் சொன்ன நாளிலிருந்து எனக்குப் ‘பஞ்சாங்கம் சார்’ என்று பெயராயிற்று.

என் கொள்ளுப்பாட்டனார் மைசூர் சமஸ்தானத்து உத்தியோகத்துக்காக வந்தவர். நாங்கள் மல்லேஸ்வரத்தை விட்டு நகரவில்லை. உங்கள் தந்தையார் கண்டோன்மெண்ட் பட்டறை ஒன்றில் ஃபிட்டராக இருந்தவர்; நீங்கள் மர்பி டவுனை விட்டு நகரவில்லை. இரண்டு வீட்டிலும் பேச்சு தமிழ்தான் என்றாலும் ஒன்று மற்றொன்றைப் போல் ஒலிக்காது. “உங்க தமிழுக்கு இஸ்திரி போட்டிருக்கு சார்” என்பீர்கள். கூட்டங்களில் வாய்திறக்கத் தயங்கிய என் போன்றோருக்கு நடுவில், ஆங்கிலத்தில் தொடங்கி, கன்னடத்தில் நம் குழுத் தலைவரை மடக்கி, தமிழில் எனக்கு ஒரு குத்து வைத்துவிட்டு நீங்கள் உட்காரும் அழகை இன்றைக்கும் வியக்கிறேன்.

மாப்பிள்ளை என்ற பெயர் பிறந்தபோது நான் உடனிருந்தேன். தீபாவளிக்கு மறுநாள் உங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. முன்னறையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த உங்கள் அக்கா, இயந்திரத்தை நிறுத்தாமலே கேட்டார்: “அப்படி இன்னாதாண்டி வேலை ஒனக்கு? வராத ஒண்ணுக்காக வருஷக்கணக்கா காத்துனு கீறியே?”

“அதுவா, அது ஒரு மாப்பிள்ளை அக்கா” என்றீர்கள். “ஒரு பெரிய நட்சத்திரம், மாமனார் வீடுன்னு வெச்சுக்க. அது சுத்தற வேகத்துல தன்னைச் சுத்தி ஒரு தட்டு மாதிரி வாயுவ வீசி வெச்சிருக்கு. பக்கத்துல இவரு. சின்ன உருவம். இந்த பெங்களூருக்குள்ள அடங்கிடுவாரு. ஆனா எடை நம்ம சூரியனவிட ஜாஸ்தி. வருஷக்கணக்கா கப்சிப்னு சுத்திட்டே இருப்பாரு. திடீர்னு ஒரு நாள் அந்தத் தட்டுல பூந்து சாப்பிட ஆரம்பிச்சாருன்னா, வானமே அதிரும்.”

“சொல்லாம கொள்ளாம வருவாரா?”

“சொல்லாம வருவாரு, மூக்குமுட்ட சாப்பிடுவாரு, ரெண்டு மாசத்துல சொல்லாம போயிடுவாரு.”

அக்கா இயந்திரத்தை நிறுத்தினார். “இந்த மர்பி டவுன்ல இல்லாத மாப்பிள்ளைங்களா? இதுக்கு வானத்த வேற பாக்கணுமா?”

சிரிப்பில் நான் ரசத்தைச் சட்டையில் சிந்திக்கொண்டேன். நியூட்ரான் நட்சத்திரத்தின் எக்ஸ் கதிர் வெடிப்பைப் பற்றி எத்தனையோ சொற்பொழிவுகள் கேட்டிருக்கிறேன். அவற்றில் எதுவும் அன்றைய விளக்கத்தைவிடச் சரியாக இருந்ததில்லை. உருவம், எடை, உணவு, மௌனம் எல்லாமே அதில் இருந்தன.

மாப்பிள்ளை வந்தது அடுத்த தை பிறப்பதற்குச் சற்று முன்பு. போகிக்கு முந்தைய வாரம், திங்கட்கிழமை காலை. வானம் முழுவதையும் ஓயாமல் கண்காணிக்கும் ஒரு கருவி எச்சரிக்கை அனுப்பியது. நீங்கள் ஏற்கெனவே எழுதி வாங்கி வைத்திருந்த அனுமதியின்படி, நம் செயற்கைக்கோளை அதன் பக்கம் திருப்பினோம். முதல் தரவு இறங்கிய காலை நீங்கள் காரா பன் பொட்டலத்தோடு வந்தீர்கள். விசைப்பலகைகள் இருக்கும் அறையில் பன் துகள் விழக்கூடாது என்று நான் உங்களைத் தாழ்வாரத்துக்கு அனுப்பினேன். நீங்கள் தாழ்வாரத்தில் நின்று சாப்பிட்டபடியே, கண்ணாடிக் கதவு வழியாகத் திரையைப் படித்துக்கொண்டிருந்தீர்கள். திடீரென்று மெல்லுவதை நிறுத்தினீர்கள்.

திரையில் ஒரு சரிவுக் கோடு. எந்த ஆற்றலில் எத்தனை கதிர்கள் வந்தன என்று காட்டும் கோடு அது. மலைச்சரிவுபோல் வழவழப்பாக இறங்க வேண்டியது, நடுவில் ஓரிடத்தில் குழிந்திருந்தது. அந்தப் பள்ளத்தின் பொருள் அறையில் எல்லோருக்கும் தெரியும். அந்த நட்சத்திரத்தின் காந்தப்புலம் பூமியினுடையதைவிட லட்சம் கோடி மடங்கு வலியதாக இருக்கலாம். அத்தகைய புலத்தில் சிக்கிய எலெக்ட்ரான்கள் ஒரு குறிப்பிட்ட ஆற்றலுள்ள கதிர்களை மட்டும் விழுங்கிவிடும். பள்ளம் எங்கே விழுகிறதோ, அதிலிருந்து புலத்தின் வலிமையை நேரடியாகக் கணக்கிட்டுவிடலாம். இந்த நட்சத்திரத்தில் அதுவரை யாரும் அந்தப் பள்ளத்தைக் கண்டதில்லை. உங்கள் பெயரில் முதல் கண்டுபிடிப்பு, தாழ்வாரத்தில் பன்னோடு நின்ற உங்கள் கண்முன்னால் இருந்தது.

குழுத் தலைவர் அன்று பிற்பகலே கூட்டம் போட்டார். மாண்டியாக்காரர், நல்ல மனிதர், அவசரக்காரர்.

“அறிவிப்பு எழுதிடுங்க மேடம். வெளிநாட்டுக்காரங்களும் இதையே பாத்துட்டு இருக்காங்க. நாளைக்கு அவங்க எழுதிட்டா நாம கை தட்ட வேண்டியதுதான்.”

நீங்கள் திரையைப் பார்த்தபடியே இருந்தீர்கள். “பள்ளம் எனக்கும் தெரியுது சார். யாரோட பள்ளம்னுதான் தெரியல.”

நம் கருவி, செனான் வாயு அடைத்த பெட்டி. வருகிற கதிர் அந்த வாயுவில் மோதும்போது எழும் மின்துடிப்பை வைத்துத்தான் கதிரின் ஆற்றலை அளக்கிறோம். அந்தச் செனானுக்கும் ஒரு குணம் உண்டு. ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் அது கதிர்களை விழுங்கும் விதம் சட்டென்று மாறும். பள்ளம் விழுந்திருந்தது அந்த இடத்துக்கு மிக அருகில். பெட்டியின் குணத்தைக் கணக்கிலிருந்து கழிக்க நம்மிடம் ஒரு வழிமுறை இருந்தது; ஆனால் ஐப்பசியில் வாயுவைச் சுத்திகரித்த பிறகு பெட்டியின் நடத்தை சிறிது சிறிதாக மாறிக்கொண்டே வந்தது. நட்சத்திரம் குழிந்திருக்கிறதா, நம் பெட்டி குழிந்திருக்கிறதா? அறையில் அதைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

“நண்டைப் பாக்கணும் சார்” என்றீர்கள்.

நண்டு நெபுலா. என்றோ வெடித்துச் சிதறிய நட்சத்திரத்தின் மிச்சம். ஏறக்குறைய மாறாமல் ஒளிர்வதால், எக்ஸ் கதிர் வானியலாளர் அனைவருக்கும் அதுதான் எடைக்கல். அதன் சரிவு வழவழப்பானது; அதில் பள்ளமே கிடையாது. அதைப் பார்க்கும்போதும் பள்ளம் தெரிந்தால், அது நம் பெட்டியினுடையது என்று பொருள்.

தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “மேடம், ஸ்வல்ப யோசனெ மாடி, கொஞ்சம் யோசிங்க. மாப்பிள்ளை உச்சத்துக்குப் போற நேரம். இப்பப் போய் முகத்தைத் திருப்பிக்கறதா? நண்டு எங்கயும் ஓடாது. இவர் போனப்புறம் பொறுமையாப் பாக்கலாம்.”

“நண்டு ஓடாது சார். பொட்டி ஓடுது. இன்னும் ரெண்டு மாசத்துல இது வேற பொட்டி. அதே பொட்டி, அதே வாரம், அப்பதான் கணக்கு.”

“நேரம் யார் குடுப்பாங்க? மத்தவங்க பங்கிலிருந்து ஒரு சுற்றுகூட நான் தர மாட்டேன்.”

“பேட சார், வேணாம். என் பங்குலேந்தே எடுத்துக்கோங்க.”

அந்த நட்சத்திரத்துக்காக உங்களுக்குக் கிடைத்திருந்த நேரமே குறைவு. அதற்காக நீங்கள் எத்தனை ஆண்டு காத்திருந்தீர்கள் என்பதும், இது போனால் அடுத்த வருகைக்கு நாள் கிடையாது என்பதும் எனக்கும் தலைவருக்கும் தெரியும். தலைவர் என்னைப் பார்த்தார்; செயற்கைக்கோள் எந்த நாளில் எங்கே திரும்ப வேண்டும் என்ற அட்டவணை என் பொறுப்பு. நான் எதிர்த்தேன். வியாழக்கிழமைக்கான அட்டவணை செவ்வாய் மாலையே மூடப்பட்டுவிட்டது. மூடிய அட்டவணையைத் திறப்பது முறையல்ல என்றேன். அன்று நான் சொன்ன காரணங்கள் இன்றும் சரியானவையே. எழுதிக் கேட்டால் அவற்றையே எழுதுவேன்.

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். “மூடினதத் தொறக்கத்தானே சார் உங்கள வெச்சிருக்காங்க? பஞ்சாங்கத்தப் பாத்து ஒரு நல்ல நேரமா குறிச்சுக் குடுங்க.”

குறித்துக் கொடுத்தேன். சூரியன் கருவியின் முகத்தில் படாதபடி திருப்பி, நண்டை நோக்கி நிறுத்தி, மறுபடி நட்சத்திரத்துக்குக் கொண்டுவரும் கட்டளைகளை வரிக்கு வரி சரிபார்த்தேன். என் பணி வாழ்வில் நான் எழுதியவற்றுள் மிகத் தூய்மையான அட்டவணை அது என்பதைத் தன்னடக்கமின்றிச் சொல்கிறேன்.

நாம் நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மாப்பிள்ளை உச்சத்தைத் தொட்டார். அதை வேறு நாட்டுக் கருவி ஒன்று பதிவு செய்தது. வெள்ளிக்கிழமை காலை அந்தச் செய்தியை நான்தான் உங்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு கணம் உதட்டைக் கடித்தீர்கள். “போகட்டும்” என்றீர்கள். அதன்பின் நண்டின் தரவைத் திறந்தீர்கள்.

வழவழப்பாக இருக்க வேண்டிய சரிவில், அதே இடத்தில், பள்ளம்.

நீங்கள் நாற்காலியில் சாய்ந்தீர்கள். உங்கள் முகத்தில் அன்று நான் கண்டதை விளக்க இன்றுவரை முயல்கிறேன். ஏமாற்றம் இருந்தது, நிச்சயமாக இருந்தது. ஆனால் அதன் அடியில், கணக்கு சரியாக வந்தவர்களுக்கு மட்டும் வாய்க்கும் ஓர் அமைதியும் இருந்தது.

“நம்ம பொட்டிதான் சார்” என்றீர்கள். பிறகு, “நல்லவேள, ஊரக் கூட்டல.”

பொட்டலத்தைப் பிரித்து, விசைப்பலகைக்கு நேர் மேலே வைத்தே ஒரு காரா பன்னைச் சாப்பிட்டீர்கள். அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்களுக்காக என் விதிகளில் நான் செய்த இரண்டாவது விலக்கு அது; முதலாவது, மூடிய அட்டவணையைத் திறந்தது.

அதற்குப் பின் நீங்கள் செய்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். தோல்வியைச் சுருட்டி வைக்கவில்லை. நட்சத்திரத்தின் சரிவை நண்டின் சரிவால் வகுத்து, பெட்டியின் குற்றத்தை அணுஅணுவாகப் பிரித்தெடுத்து, அந்தத் திருத்தத்தை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைத்தீர்கள். வகுத்த பிறகும் ஒரு சிறு மிச்சம் இருந்தது. பள்ளம் என்று சொல்ல முடியாத, ஒரு நெளிவு. அளவீட்டுப் பிழையின் அகலத்துக்குள் அடங்கிவிடும் நெளிவு. தலைவர் அதைத் தொட்டுக் காட்டி, “இது நட்சத்திரத்தோடதுதானே? இதையாவது எழுதுங்க” என்றார். உச்சத்தில் பார்த்திருந்தால் கதிர்கள் மிகுதியாக வந்திருக்கும், சொல்லியிருக்கலாம். உச்சத்தில் நாம் நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இருக்கலாம் சார். தெரியல” என்றீர்கள். கட்டுரையிலும் அதையேதான் எழுதினீர்கள். தம் கண்டுபிடிப்பைத் தாமே கலைத்துவிட்டு, மிச்சத்தையும் உரிமை கொண்டாடாத அந்தக் கட்டுரைக்கு நான் தட்டச்சுப் பிழை பார்த்தேன். ஒரு காற்புள்ளியைத் தவிர மாற்ற ஒன்றுமில்லை.

அடுத்த ஆண்டு தலைவர் தம் சொந்த ஆய்வுக்கு உங்கள் திருத்தத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டு வந்தார். “சொல்லித் தரேன் சார், ஆனா பன் உங்க செலவு” என்றீர்கள். அன்று முதல் அவரும் தாழ்வாரத்தில் நின்று சாப்பிடுபவர்களில் ஒருவரானார். புதிதாக எந்த நட்சத்திரம் விழித்தாலும் முதலில் நண்டு, பிறகுதான் வாய்திறப்பது என்ற பழக்கம் அப்படித்தான் வந்தது. ஆணை பிறப்பித்து வந்த பழக்கம் அல்ல அது. “எப்ப அறிவிப்பு?” என்று யாராவது கேட்டால், “நண்டைப் பார்த்த பிறகு” என்று இன்னொருவர் சொல்வார். அவ்வளவுதான்.

உங்கள் உடல்நலம் குன்றியபோது நான் ஓய்வு பெற்றுவிட்டிருந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் மருத்துவமனைக்கு வருவேன். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“மாப்பிள்ளை?”

“வரவில்லை.”

ஒரு வெள்ளிக்கிழமை, ஆனி மாதம், நீங்கள் மிகவும் இளைத்திருந்தீர்கள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. “வரவில்லை. ஆனால் வந்துவிடுவார் மேடம், கூடிய சீக்கிரம்” என்றேன்.

கண்ணைத் திறந்தீர்கள். “நக்கோ சார், வேணாம். வரலன்னா வரலன்னு மட்டும் சொல்லுங்க. வருவாருன்னு நீங்க பாத்தீங்களா?”

அக்கா அருகில் அமர்ந்திருந்தார். “சாருக்கே பாடம் எடுக்கறியா? படுடி பேசாம” என்று போர்வையை இழுத்துவிட்டார். நீங்கள் சிரித்தீர்கள். வலியோடுதான். ஆனால் சிரித்தீர்கள்.

நீங்கள் போனது ஆடியில், ஒரு வியாழக்கிழமை. மறுநாள் உங்களுக்குச் சொல்ல நான் வைத்திருந்தது வழக்கமான செய்திதான்.

இன்று அந்த நடைபாதையில், கைபேசியைக் கையில் பிடித்தபடி, குழுவில் ஒரே சொல்லை அனுப்பினேன்: “நண்டு?” பதில் உடனே வந்தது. “இன்னைக்கு நண்டு சார். நாளைக்கு மாப்பிள்ளை. உச்சத்துக்கு இன்னும் நாள் இருக்கும்போல. போன தடவையைவிடப் பிரகாசமா ஏறிட்டு இருக்கார்.” நேரத்தைப் பார்த்தேன். மருத்துவமனை திறந்துவிட்டிருந்தது. குறித்த நேரத்தைத் தவறவிடுவது என் வாழ்வில் முதல் முறை என்று எழுதினால் மிகை என்பீர்கள். எனக்கு நினைவிலுள்ளவரை முதல் முறை. பேக்கரிக்குள் போய்க் காரா பன் வாங்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்து, மர்பி டவுனுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமைதோறும் நான் இன்னும் போய்ப் பார்த்து வரும் அக்காவுக்கு இப்போது காது சற்று மந்தம். தையல் இயந்திரம் அதே இடத்தில்தான் இருக்கிறது. கதவைத் திறந்தவர் பொட்டலத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

“இன்னா சார், வெள்ளிக்கெழம கூட இல்லியே?”

“மாப்பிள்ளை வந்திருக்கார்” என்றேன், சற்று உரக்க.

அவர் நாற்காலியின் மேல் இருந்த துணிகளை ஒதுக்கி என்னை உட்காரச் சொன்னார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: “அந்தப் பள்ளம் ஒண்ணு சொல்லுவாளே. அது அவரோடதுதானா? எந்தங்கச்சி பாத்தது நெசந்தானா சார்?”

மேடம், ஆம் என்று சொல்ல என் நாக்கு எழுந்துவிட்டது. அந்த அறையில், அந்த முகத்துக்கு முன்னால், அதைவிட எளிதான சொல் இருக்கவில்லை. நட்சத்திரம் இந்த முறை போதுமான வெளிச்சத்தோடு வந்திருக்கிறது. உங்கள் திருத்தம் தயாராக இருக்கிறது. அந்தச் சிறு நெளிவு அவருடையது என்றே என் மனம் சொல்கிறது. ஆனால் மனம் சொல்வது தரவு ஆகாது.

“இன்னும் தெரியாதும்மா. பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்.”

அக்கா என்னை உற்றுப் பார்த்தார். பிறகு, ஈரக் கண்ணோடு சிரிக்கத் தொடங்கினார். “அவளும் இப்படித்தான் சார். சோறு வெந்துச்சாடின்னு கேட்டாக்கூட, பாத்துட்டு சொல்றேம்பா.”

இருவரும் பன் சாப்பிட்டோம். தரையெல்லாம் துகள். நான் பெருக்கிவிட்டு வருகிறேன் என்றதற்கு அவர் விடவில்லை.

மாலையில் வீடு திரும்பி இதை எழுதுகிறேன். என் மேசை நாட்காட்டியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நாள் குறித்து வைப்பது என் வழக்கம். கண் மருத்துவருக்கு அடுத்த புதன்கிழமை குறித்துவிட்டேன். அந்த நெளிவு யாருடையது என்று தெரியும் நாளுக்கு எதுவும் குறிக்கவில்லை. நெடுங்காலம் உங்களோடு வேலை செய்து நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். நாளை வெள்ளிக்கிழமை. ஒரு நாள் முன்பாகவே சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்திருக்கிறார். மற்றது, நண்டைப் பார்த்த பிறகு.